சான்றும் சான்றோரும்

தன் கையால் கணக்கிட்டுக் கண்ட முடிவை, தன் கையாலேயே 'இது மெய்யன்று' என எழுதித் தர வேண்டிய நிலை ஒருவருக்கு வருமாயின், அவர் செய்யத்தக்கது யாது? எழுத மறுத்து எழுந்து போவதா? எழுதிக் கொடுத்துவிட்டுக் காலம் தீர்ப்பளிக்கட்டும் எனக் காத்திருப்பதா? எழுதினால் அது அடக்கமா, அச்சமா? மறுத்தால் அது வீரமா, வீம்பா?

கேள்வி பழையது. 1633ஆம் ஆண்டு ரோமாபுரியில், அறுபத்தொன்பது வயதுக் கிழவர் கலிலியோ மண்டியிட்டு, பூமி சுழலுகிறது என்ற தம் கொள்கையைக் கைவிடுவதாக வாக்குமூலம் படித்தார். அந்தக் காட்சியைப் பகுத்தறிவாளர் மேடைகள் பலமுறை பேசியிருக்கின்றன. ஆனால் கலிலியோவின் எதிரே நின்றது மதபீடம். அதன் பின்னே சிறை. சிறைக்குள்ளே சித்திரவதைக் கருவிகள். அங்கே பணிந்தவரைப் பழிக்க எவருக்கும் மனம் வராது. நான் இங்கே சொல்லப் போகும் நிகழ்ச்சியில் சிறை இல்லை, சாட்டை இல்லை, மதகுருவும் இல்லை. ஒரே ஒரு கடிதம்; மரியாதையோடு எழுதப்பட்ட கடிதம்; எழுதியவர் விஞ்ஞானி. பணிந்தவர் இருபத்து நான்கு வயது நங்கை. ஆண்டு 1925. இடம், விஞ்ஞானத்தின் கோட்டை எனப் புகழ் பெற்ற அமெரிக்காவின் ஹார்வர்டு.

அந்த நங்கையின் பெயர் செசிலியா பெய்ன்.

இங்கிலாந்தில் வெண்டோவர் என்னும் ஊரில், 1900ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் பிறந்தார். தந்தை வழக்குரைஞர், வரலாற்று அறிஞர், இசையிலும் வல்லவர். செசிலியாவுக்கு நான்கு வயது இருக்கும்போதே அவர் மறைந்தார். மூன்று குழந்தைகளைத் தனித்து நின்று வளர்த்தார் தாய். மகனின் கல்லூரிப் படிப்புக்குப் பணம் ஒதுக்கிய அந்தத் தாய், மகளின் படிப்புக்கு ஒதுக்கவில்லை. கொடுமைக்காரத் தாயல்ல, ஊர் வழக்கத்தை மீறாத தாய். மகள் உதவித் தொகை பெற்றுத்தான் கேம்பிரிட்ஜ் போக வேண்டியிருந்தது.

அதற்கு முன் ஒரு சிறு நிகழ்ச்சி. அவர் பயின்ற பள்ளி, சமயப் பற்று மிகுந்த பள்ளி. தொழுகையால் எதுவும் கைகூடும் என்று அங்கே போதித்தார்கள். இந்தச் சிறுமி என்ன செய்தாள் தெரியுமா? தேர்வுப் பாடங்களை இரண்டு கூறாக்கினாள். ஒரு கூறுக்கு மட்டும், 'வெற்றி தா' என்று மனமுருகி வேண்டிக் கொண்டாள். மற்றதற்கு வேண்டுதல் இல்லை. முடிவு வந்தது, வேண்டாத பாடங்களில்தான் மதிப்பெண் கூடுதல்! பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் அம்மையாரே இதை எழுதி வைத்திருக்கிறார். ஒரே ஒரு சோதனையால் எதுவும் நிலைநாட்டப்படுவதில்லை என்பதை விஞ்ஞானம் பயின்றோர் அறிவர். ஆனால் கவனிக்க வேண்டியது முடிவையன்று, முறையை. 'பெரியோர் சொன்னார்கள்' என்பதோடு நில்லாமல், 'சோதித்துப் பார்ப்போம்' என்று துணிந்த உள்ளம் அது. அந்த உள்ளமே பின்னாளில் ஒரு கடிதத்தின் முன் தலை குனிந்தது என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

1919இல் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். தாவரவியல், இயற்பியல், வேதியியல் பயின்றார். அவ்வாண்டு மே 29ஆம் நாள் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை ஆப்பிரிக்கக் கரையோரத் தீவு ஒன்றிலிருந்து படம் பிடித்துத் திரும்பிய எடிங்டன், ஒளியின் பாதை வளைகிறது என்னும் ஐன்ஸ்டைனின் கருத்துக்குச் சான்று கிடைத்ததை விளக்கிப் பேசினார். அந்தப் பேச்சைக் கேட்க நியூன்ஹாம் மாணவியர்க்குக் கிடைத்த நுழைவுச் சீட்டுகள் நான்கே. போக முடியாத தோழி ஒருத்தியின் சீட்டு செசிலியாவின் கைக்கு வந்தது. கேட்டார்; அறைக்குத் திரும்பினார்; பேச்சு முழுவதையும் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்தார். வானநூலே தம் வாழ்வு என்று அன்று முடிவாயிற்று.

அதே கேம்பிரிட்ஜில் இன்னொரு வகுப்பறை. அணுவைப் பிளந்த அறிஞர் ரூதர்போர்டு பாடம் நடத்துகிறார். பெண்கள் முன்வரிசையில்தான் அமர வேண்டும் என்பது விதி. முன்வரிசையில் செசிலியா ஒருவரே. நாள்தோறும் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தபடியே, 'சீமாட்டிகளே, சீமான்களே' என்று தொடங்குவார் பேராசிரியர். பின்னாலிருக்கும் இளைஞர் கூட்டம் கைதட்டும். தரை அதிரக் காலால் உதைக்கும். அணுவின் உள்ளத்தைக் கண்ட மேதைக்கு, எதிரே அமர்ந்திருந்த பெண்ணின் உள்ளம் தெரியவில்லை! படித்து முடித்தார். பட்டம் உண்டா? இல்லை. பெண்ணுக்குப் பட்டமளிக்கக் கேம்பிரிட்ஜ் இசைந்தது 1948இல்.

பட்டமும் இல்லை, ஆசிரியைப் பணியைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆகவே 1923இல் கடல் கடந்தார். ஹார்வர்டு வான்காட்சி நிலையத்தின் தலைவர் ஹார்லோ ஷேப்லி, பெண்களுக்கென இருந்த சிறிய உதவித் தொகை ஒன்றைத் தந்து வரவேற்றார். அங்கே இலட்சக்கணக்கான கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றிலும் வானத்தின் நிழல். அவற்றைப் படித்து, எண்ணி, வகைப்படுத்தி வந்தோர் பெண்கள். பழைய தலைவர் பிக்கரிங் காலத்தில் அவர்களுக்குக் கூலி மணிக்கு 25 சென்ட். காது மங்கிய ஆனி கேனன் அம்மையார் தம் கண்ணால் பார்த்து வகைப்படுத்திய விண்மீன்கள் 2,25,300 பெரும் பட்டியலாக 1918 முதல் 1924 வரை வெளிவந்தன. பார்ப்பதும் எண்ணுவதும் பெண்களின் வேலை. பொருள் கூறுவது ஆண்களின் உரிமை என்பது எழுதப்படாத சட்டம். செசிலியா பெய்ன் பொருள் கூறத் துணிந்தார்.

என்ன பொருள்? கதிரவன் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியில் செலுத்தினால் நிறமாலை விரிகிறது. அதன் குறுக்கே கருங்கோடுகள். இரும்புக்கு ஒரு கோட்டுத் தொகுதி, சுண்ணத்துக்கு ஒன்று, சோடியத்துக்கு ஒன்று என ஒவ்வொரு தனிமமும் தன் கையொப்பத்தை அதில் இட்டிருக்கிறது. கதிரவனின் நிறமாலையில் இரும்பின் கோடுகள் ஏராளம். ஆகவே கதிரவனும் பூமியைப் போன்றதே. பூமியின் மேலோட்டைக் கொதிக்கக் கொதிக்கச் சூடேற்றினால் அதுவும் இதே நிறமாலையைத்தான் காட்டும் என்று அறிஞர்கள் நம்பினர். அவ்வாறு 1914இல் எழுதியவர் பிரின்ஸ்டனின் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல். நம் மேடைகளில் பேசப்பட்ட பெர்ட்ரண்டு ரஸ்ஸல் அல்லர்; இவர் வேறு. அமெரிக்க வானநூலார் நடுவே அந்நாளில் இவர் சொல்லே இறுதிச் சொல்.

இந்த நம்பிக்கையின் அடித்தளத்தை ஆட்டும் கருவி நம் நாட்டிலிருந்து போயிற்று. டாக்கா அருகே ஒரு சிற்றூரில், சிறு கடைக்காரரின் மகனாய்ப் பிறந்து, கல்கத்தா மாணவர் விடுதியில் உடனுண்ண உயர்சாதியார் மறுத்த சிறுமையைத் தாங்கிப் படித்து உயர்ந்த மேகநாத் சாகா, 1920இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். (நட்சத்திரங்களைப் பற்றிய தம் ஆராய்ச்சியை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் விளக்கியபோது, 'இதெல்லாம் வேதத்திலேயே இருக்கிறதே' என்று அவர் கூறிவிட்டதை எழுதி நகைத்தவரும் இதே சாகாதான்.) வெப்பம் ஏற ஏற அணுக்கள் தம் எலெக்ட்ரான்களை இழக்கின்றன. எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு இழக்கும் என்று கணக்கிட்டுச் சொல்கிறது அந்தச் சமன்பாடு. கேம்பிரிட்ஜில் பௌலரும் மில்னும் அதனைச் செம்மைப்படுத்தினர். அதைக் கையிலெடுத்து ஹார்வர்டின் கண்ணாடித் தகடுகள் மீது முழுமையாகப் பொருத்திப் பார்த்தவர் செசிலியா பெய்ன்.

ஒரு பேரூரில் தெருவுக்குத் தெரு கூச்சல் கேட்கிறது. கூச்சலைக் கொண்டு மக்கள் தொகையை அளக்கலாமா? வாயுள்ளவன் கத்துகிறான், வாய் திறக்க வழியில்லாதவன் கோடிக் கணக்கில் ஊமையாய் நிற்கிறான். வானத்திலும் அதே நிலை! கதிரவன் மேற்பரப்பின் வெப்பத்தில் இரும்பணு எளிதாகக் கோடுகளைக் காட்டிவிடும். ஹைட்ரஜன் அணுவோ பல கோடியில் ஒன்றுதான், கண்ணுக்குத் தெரியும் கோட்டைத் தீட்டக்கூடிய நிலையில் இருக்கும். பல கோடியில் ஒன்று பேசியே இவ்வளவு தெளிவாகக் கோடு விழுகிறதென்றால், பேசாதிருக்கும் அணுக்கள் எத்தனை எத்தனை! கணக்கிட்டார். பதினெட்டுத் தனிமங்களின் அளவு கிடைத்தது. மணலில் உள்ள சிலிக்கனும், கரியும், உலோகங்களும் தமக்குள் பூமியில் உள்ள விகிதத்திலேயே இருந்தன. ஹீலியமும் ஹைட்ரஜனும் மட்டும் வரம்பு மீறி நின்றன. ஹைட்ரஜன், உலோகங்களைவிட ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு! விண்மீன்களின் நிற வேறுபாடு வெப்பத்தால் வந்ததே அன்றி, பொருள் வேறுபாட்டால் வந்ததன்று என்பதும் அதே ஆய்வில் துலங்கிற்று.

ஷேப்லி இந்த ஆய்வுரையை ரஸ்ஸலுக்கு அனுப்பினார். 1925 சனவரியில் மறுமொழி வந்தது. ஆய்வைப் பாராட்டிய ரஸ்ஸல், ஹைட்ரஜன் பத்து இலட்சம் மடங்கு என்பது மட்டும் நடவாத செயல் என்று தீர்த்துக் கூறியிருந்தார். அம்மையார் என்ன செய்தார்? அட்டவணையில் எண்ணை அப்படியே விட்டார். அதன் கீழே, இந்தப் பேரளவு பெரும்பாலும் மெய்யாக இருக்க முடியாது என்னும் கருத்துப்பட ஒரு வரி எழுதினார். ஆய்வு ஏற்கப்பட்டது. ஹார்வர்டு பெண்ணுக்கு டாக்டர் பட்டம் தருவதில்லை ஆகையால், அதன் மகளிர் கல்லூரியான ராட்கிளிஃப் தந்தது. வானநூலில் அக்கல்லூரி தந்த முதல் டாக்டர் பட்டம் அது.

நான்கு ஆண்டுகள் சென்றன. 1929இல் ரஸ்ஸல், வேறு வழியில் கணக்கிட்டு அதே முடிவுக்கு வந்து கட்டுரை வெளியிட்டார். பெய்ன் அம்மையாரின் கணக்கோடு தம் கணக்கு ஒத்துப் போவதைக் குறிப்பிடவும் செய்தார். எனினும் உலகம் அந்தக் கண்டுபிடிப்பை நெடுங்காலம் ரஸ்ஸலின் பெயரோடுதான் சேர்த்துப் பேசியது. இன்று தெரிகிறது, கதிரவனின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன். எஞ்சியதில் பெரும்பங்கு ஹீலியம். இரும்பு உட்பட ஏனைய யாவும் சேர்ந்து நூற்றில் இரண்டு பங்களவே. அந்த ஹைட்ரஜனே எரிபொருள் என்பதை 1939இல் ஹான்ஸ் பெத்தே விளக்கினார். கதிரவன் ஏன் சுடுகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது.

இனித்தான் நம் கேள்வி. குற்றம் யாருடையது?

இப்படிப்பட்ட கதையைக் கேட்டவுடன் ஏகலைவனை நினைத்துக் கொண்டு, ரஸ்ஸலைத் துரோணராக்கிவிட நம் கை துடிக்கும். அது நேர்மையாகாது. துரோணர் கட்டைவிரலைக் கேட்டது, ஏகலைவன் வில் வித்தையில் தவறினான் என்று கருதியா? வென்றுவிடுவான் என்று அஞ்சியல்லவா! ரஸ்ஸல் அப்படியல்லர். அவருக்குக் காரணங்கள் இருந்தன. பூமியும் விண்கற்களும் அவர் கண் முன்னே இருந்தன; புதிய சமன்பாடோ பிறந்து ஐந்தாண்டுதான் ஆகியிருந்தது. இந்த இரண்டு தனிமங்களுக்கு மட்டும் அது பிழைபடக் கூடாதா என்று அவர் ஐயுற்றதில் தவறில்லை. ஐயம் அறிவின் வாயில். மேலும், சான்று கண்டதும் தம் முந்தைய கருத்தைத் தாமே மறுத்து எழுதினாரே, அது சிறு செயலா? வேதம் ஓதுவோரில் எவரேனும், 'நாலாண்டுக்கு முன் நான் சொன்னது தவறு' என்று எழுதியதுண்டா?

பின் குறை எங்கே? ஐயுற்றதில் இல்லை, ஐயத்தைத் தீர்ப்பாகச் சொன்னதில் இருக்கிறது. 'எனக்கு ஐயமாக இருக்கிறது' என்பது வேறு; 'நடவாது' என்பது வேறு. முன்னது ஆராயத் தூண்டும். பின்னது எழுதுகோலைப் பிடுங்கும். அறிவால் உயர்ந்தவருக்கு உலகம் தரும் மதிப்பு ஒரு கடன். அவர் இதுவரை காட்டிய சான்றுகளுக்காகத் தரப்பட்டது. இனிச் சான்று காட்டாமலே பேசலாம் என்பதற்கான உரிமைச் சீட்டன்று.

பெய்ன் அம்மையார் தம்மீதே தீர்ப்பு எழுதிக் கொண்டார். முதுமையில் தம் வரலாற்றை எழுதியபோது, பழி தம்முடையதே என்றார். தாம் சரியென்று நம்பியிருந்தும் அதிகாரத்துக்குப் பணிந்ததாகவும், இளைஞர்களுக்கு இது எச்சரிக்கையாகட்டும் என்றும் குறித்திருக்கிறார். ரஸ்ஸலைத் தூற்றவில்லை. காலத்தைக் காரணம் காட்டவில்லை. உயர்ந்த உள்ளம்தான்! ஆனால், குற்றவாளி தாமே முன்வந்து ஒப்புக்கொண்டார் என்பதற்காக வழக்கை அத்துடன் முடித்துவிடலாமா?

மற்றொரு வழக்கோடு வைத்துப் பார்ப்போம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930இல் கப்பலேறிய தமிழ் இளைஞர் சந்திரசேகர், எரிந்து தீர்ந்த விண்மீன் ஒரு வரம்புக்கு மேல் கனமாயிருந்தால் அது வெண்குறு மீனாக நிலைக்க இயலாது என்று கணித்தார். 1935 சனவரி 11ஆம் நாள் இலண்டனில் வானநூற் கழகத்தின் கூட்டத்தில் அவர் அதைக் கூற, அடுத்து எழுந்து அவையோர் சிரிக்கச் சிரிக்க அதை எள்ளி நகையாடினார் எடிங்டன். ஆம், செசிலியாவின் உள்ளத்தில் விளக்கேற்றிய அதே எடிங்டன்! சந்திரசேகர் தம் முடிவைக் கைவிடவில்லை. ஐரோப்பாவின் பேரறிஞர் சிலருக்கு எழுதிக் கேட்டார். நீ சொல்வதே சரி என்றனர் தனியே. ஊரறியச் சொல்லவோ ஒருவரும் முன்வரவில்லை. 1939இல் தம் கணக்கையெல்லாம் ஒரு நூலாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போனார். 1983இல் நோபல் பரிசு வந்தது.

அவர் பணியவில்லை, இவர் பணிந்தார். ஆகவே அவர் வீரர், இவர் கோழை என்று கூறிவிடலாமா? சந்திரசேகர் எடிங்டனை எதிர்த்து நின்றபோது டாக்டர் பட்டம் கையில் இருந்தது. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் ஆய்வாளர் இடமும் இருந்தது. நிறத்தால் அவருக்கும் தொல்லை நேர்ந்திருக்கும். ஆயினும் காலூன்ற ஒரு சாண் மண் இருந்தது. செசிலியாவுக்கோ கேம்பிரிட்ஜ் பட்டம் தரவில்லை. ஹார்வர்டு தரப் போவதில்லை. வருவாய், ஆண்டுதோறும் எவரோ புதுப்பித்தால் உண்டு என்னும் உதவித் தொகை. ரஸ்ஸல் தலையசைக்காவிட்டால் ஊர் திரும்பிப் பள்ளியில் பாடம் சொல்ல வேண்டியதுதான். காலூன்ற இடமில்லாதவரிடம் போய், 'நிமிர்ந்து நின்றிருக்க வேண்டாமா?' என்று கேட்பது எளிது.

பணியாமல் இருக்கும் துணிவைத் தனி மனிதரின் குணம் என்றே பேசிப் பழகிவிட்டோம். பாதி அளவுக்கு அது சொத்து. சிலருக்கு அது பிறப்போடு வருகிறது. சிலர் வட்டிக்கு வாங்கித்தான் செலவிட வேண்டும். இருபத்து நான்கு வயதுப் பெண்ணைப் பணிய வைத்தது ரஸ்ஸலின் கடிதம் மட்டுமன்று. மகனுக்குப் பணம் ஒதுக்கிய தாயின் முடிவும், ரூதர்போர்டு வகுப்பில் எழுந்த காலடி ஓசையும், பட்டம் மறுத்த பல்கலைக் கழகமும் அந்தக் கடிதத்தின் ஓரத்தில் கையொப்பமிட்டிருந்தன.

இவ்வளவு சொன்ன பின்னும், அந்த ஒரு வரியை நான் சரியென்று சொல்ல மாட்டேன். 'இது என் கணக்கு. ரஸ்ஸல் போன்ற அறிஞர் இதை ஏற்கவில்லை. மேலும் ஆராய வேண்டும்' என்று எழுதியிருக்கலாம். அதில் மரியாதையும் இருந்திருக்கும், மெய்யும் இருந்திருக்கும். மாறாக, பிறருடைய ஐயத்தைத் தம் முடிவாக எழுதினார். அங்கேதான் அடக்கம் எல்லை தாண்டிற்று. ஆனால் அட்டவணையிலிருந்து அந்த எண்ணை அவர் அடிக்கவில்லையே! வாய் மறுத்தது, கை மறுக்கவில்லை. அந்த எண் அங்கே இருந்ததால்தான், பின்னால் வந்தவர் எவரும் எடுத்துப் பார்த்து, முதலில் கண்டவர் யார் என்று சொல்ல முடிந்தது. 1962இல் வானநூல் வரலாறு எழுதிய ஆட்டோ ஸ்ட்ரூவே, வானநூலில் எழுதப்பட்ட டாக்டர் பட்ட ஆய்வுகளிலேயே தலைசிறந்தது இதுதான் என்று பாராட்டினார். அந்தச் சிறப்பு, அடித்து எழுதாத அந்த எண்ணுக்கு உரியது.

பிந்திய வாழ்வைச் சுருங்கச் சொல்லலாம். பட்டம் பெற்ற பின்னும் ஹார்வர்டில் அவருக்குப் பதவி இல்லை. தாம் உயிரோடிருக்கும்வரை பெய்னுக்குப் பல்கலைக் கழகத்தில் இடமில்லை என்று அதன் தலைவர் லோவெல் கூறியதாக ஷேப்லி அவரிடம் சொன்னார். சம்பளம் தரப்பட்டது; கணக்கேட்டில் எந்தத் தலைப்பில் என்று நினைக்கிறீர்கள்? கருவிகள் வாங்கிய செலவு! தொலைநோக்கியோடு தொலைநோக்கியாக ஒரு பெண். அவர் நடத்திய வகுப்புகள் பாடப் பட்டியலில் இடம் பெற்றது 1945இல்தான்.

1933இல் ஜெர்மனி சென்றபோது, நாஜிகளின் ஆட்சியில் தவித்த ருஷ்ய வானநூலார் செர்கேய் கபோஷ்கினைக் கண்டார். அமெரிக்கா வர அவருக்கு வழி செய்தார். அடுத்த ஆண்டு அவரையே மணந்தார். மூன்று குழந்தைகளை வளர்த்துக் கொண்டே, கணவரும் உதவியாளர்களும் உடனிருக்க, ஒளி மாறும் விண்மீன்களைப் பன்னிரண்டரை இலட்சம் முறைக்கு மேல் அளந்து பதிவு செய்தார். 1956இல் பேராசிரியரானார். ஹார்வர்டின் கலை அறிவியல் புலத்திலேயே படிப்படியாக உயர்ந்து அந்த நிலையை அடைந்த முதல் பெண் அவர். பின்னர் வானநூல் துறைக்குத் தலைவரானபோது, ஹார்வர்டில் ஒரு துறைக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்ணும் அவரே. கடிதம் வந்த நாளிலிருந்து பேராசிரியர் நாற்காலிவரை முப்பத்தோராண்டுகள்!

அமெரிக்க வானநூற் கழகம் தன் தலையாய விருதை 1976இல் அவருக்கு வழங்கிற்று. அந்த விருதின் பெயர், ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் விருது. விருது பெறுவோர் ஓர் உரை நிகழ்த்துவது மரபு. அவர் ஹைட்ரஜனைப் பற்றிப் பேச எடுத்துக் கொள்ளவில்லை. திடீரெனச் சுடர்விட்டு மங்கும் நோவா விண்மீன்களைப் பற்றித் தாம் ஐம்பதாண்டுகளாகக் கண்டதைப் பேசினார். மூன்றாண்டு கழித்து, 1979 டிசம்பர் 7ஆம் நாள் மறைந்தார்.